எண்ணெய் பிரியக் கூடாத குழம்பு

குழம்பில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் தளதளவென்று நின்றால்தான் நம் வீடுகளில் அடுப்பை அணைப்பார்கள். அது வெறும் பழக்கமில்லை. மசாலாவில் இருந்த தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிவிட்டது, இனி மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் எண்ணெயில்தான் வதங்குகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அப்படிப் பழகிய கை கேஜன் சிக்கன் பாஸ்தா செய்ய இறங்கினால் பாதி வரை எல்லாம் சரியாகப் போகும். கிரீம் ஊற்றிய பிறகும் அதே எண்ணெய்க்காகக் காத்திருந்தால் போச்சு. முதலில் தண்ணீரை விரட்ட வேண்டும், அப்புறம் தண்ணீரையும் கொழுப்பையும் பிரியவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். இந்தப் பண்டத்தின் சிக்கல் எல்லாம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

கேஜன் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சமையல். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் குடியிருந்த, பிரெஞ்சு பேசும் அகேடியர்களை 1755 முதல் பிரிட்டிஷார் ஊரை விட்டுத் துரத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறினார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாடு பெரும்பாலும் சோறும் குழம்பும்தான். கிரீம் பாஸ்தா பிற்பாடு உணவகங்கள் சேர்த்தது. கேஜன் மசாலாவை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் பால் புருதோம். 1979-ல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்த அவர், ரெட்ஃபிஷ் என்ற மீனை வெண்ணெயில் தோய்த்து, மசாலா தடவி, புகையும் வார்ப்பிரும்புச் சட்டியில் கருக்கினார். அந்த மீனுக்கு ஏற்பட்ட கிராக்கியில், அதைப் பிடிப்பதற்கே அரசு கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று.

சரி, நம் அடுப்புக்கு வருவோம். பெங்களூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதி வந்துவிடும். பாஸ்தா பாக்கெட்டில் வேகும் நேரம் 9 நிமிடம் என்று போட்டிருப்பது கடல் மட்டத்துக் கணக்கு. சென்னையிலிருந்து வந்து அல்சூரிலோ ஃப்ரேசர் டவுனிலோ குடியேறியவர்கள் ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும். தண்ணீரில் உப்புப் போட்டால் கொதிநிலை ஏறி சீக்கிரம் வெந்துவிடும் என்பார்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்டால் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது. உப்பு ருசிக்கு மட்டும்தான். எண்ணெய் விடுவதும் வீண், அது மேலே மிதக்கும், அவ்வளவுதான்.

பாஸ்தா டியூரம் கோதுமை ரவையில் செய்வது. அதில் புரதம் அதிகம். வேகும்போது அந்தப் புரதம் இறுகி வலையாகிறது, உள்ளே மாட்டிக்கொண்ட மாவுச்சத்து தண்ணீர் குடித்து உப்புகிறது. குழாய் வடிவப் பாஸ்தாவான பென்னே ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். சுவரின் நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். தண்ணீர் இன்னும் போய்ச் சேராத மாவுச்சத்து அது. அந்தக் கோடு மறைவதற்குச் சற்று முன்பே வடித்துவிடுங்கள், மிச்சத்தைச் சாஸ் வேகவைத்துக்கொள்ளும். வடித்த தண்ணீரைச் சிங்க்கில் கொட்டக் கூடாது. சோறு வடித்த கஞ்சியில் இருக்கிற அதே மாவுச்சத்துதான் அதிலும் இருக்கிறது, பின்னால் பெரிய வேலைக்கு ஆகும். அண்டா நிறையத் தண்ணீர் வைக்காமல் அளவாக வைத்தால் அது இன்னும் கெட்டியாகக் கிடைக்கும்.

இப்போது கோழி. கறிக்கடையில் வாங்கிய எலும்பில்லாத நெஞ்சுக்கறி, கழுவியதும் ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும். இந்த ஈரம்தான் முதல் எதிரி. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல், அதே ஒரு கிராமை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. கறியின் மேல்புறம் ஈரமாக இருக்கும் வரை அடுப்பின் சூடு முழுக்க அதற்கே செலவாகும், மேற்பரப்பு கொதிநிலையைத் தாண்டாது. ஆனால் நமக்கு வேண்டிய பழுப்பு நிறமும் வறுத்த மணமும் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக உண்டாகும். புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும் வினை அது. 1912-ல் அதை விவரித்த லூயி காமில் மைலார்ட் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். மிளகாயின் காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் ஒரு முறை கண்டுபிடித்ததும் அதே 1912-ல்தான். இந்தப் பாஸ்தாவுக்கு அது நல்ல வருஷம்.

ஆகவே கறியைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துண்டு தடிமனாக இருந்தால் படுக்கைவாட்டில் கீறி இரண்டாக்கிக்கொள்ளலாம். அரை மணி நேரம் முன்னால் உப்புத் தடவி வைப்பது நல்லது. முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரிலேயே கரைந்து மெதுவாக உள்ளே போகும். போய்த் தசைப் புரதங்களைத் தளர்த்திவிடும். தளர்ந்த புரதம் வேகும்போது தண்ணீரைக் குறைவாகவே விடும். மறுபடி ஒரு முறை ஒற்றிவிட்டு, காய்ந்த இரும்புக் கடாயில் போடுங்கள். முதலில் சத்தம் சீறலாக இருக்கும், அது ஈரம் போகிற சத்தம். கறி கடாயை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது கரண்டியை வைத்து நோண்டக் கூடாது. சத்தம் இறங்கிச் சீரான பொரியலாகும்போது அடிப்பக்கம் பழுப்பாகி, கறி தானாகவே பெயர்ந்து வரும்.

நெஞ்சுக்கறி ஆட்டுக்கறி மாதிரி இல்லை. அதில் இணைப்புத் திசு குறைவு, வேகவேகப் பூப்போல ஆகும் என்று எதிர்பார்க்க முடியாது. உட்புறம் 74 டிகிரி வந்தால் கிருமிகள் போய்விடும், அது போதும். அதற்கு மேல் போகப்போகத் தசைநார்கள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். வெந்ததும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, கடைசியில் நறுக்கிச் சேருங்கள்.

மசாலாவைக் கறியில் தடவிப் பொரிக்கலாமா? பாதியைத் தடவலாம். முழுவதையும் தடவிப் புகையும் கடாயில் போட்டால், பூண்டுத்தூளிலும் வெங்காயத்தூளிலும் உள்ள சர்க்கரை கறி வேகும் முன்பே கருகும். மிளகாய் நெடி கிளம்பி வீடே இருமும். உணவகத்தில் பெரிய புகைபோக்கி இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கதவைத் தட்டுவார்.

மசாலாவுக்கு இங்கே அலைய வேண்டாம். கேஜன் தூளில் நிறத்துக்குப் பாப்ரிகா, காரத்துக்குக் கயென் மிளகாய், கூடவே கருமிளகு, வெள்ளை மிளகு, பூண்டு, வெங்காயம், தைம், ஓரிகானோ என்ற உலர்ந்த மண இலைகள். கயென் ஸ்கோவில் அளவில் 30,000 முதல் 50,000 வரை போகும். கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்து பேடகி மிளகாய் இருக்கிறதே, சுருங்கிய தோலும் அடர்சிவப்புமாக, அது பாப்ரிகாவின் வேலையைச் செய்துவிடும், காரம் குறைவு, நிறம் ஏராளம். காரத்துக்குக் குண்டூர் மிளகாயைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கிடைக்கும். தைம் இல்லையென்றால் ஒரு சிட்டிகை ஓமத்தை நசுக்கிப் போடுங்கள், தைமின் மணத்துக்குக் காரணமான தைமால்தான் ஓமத்திலும் இருக்கிறது. ஓரிகானோவில் தூக்கலாக இருக்கும் கார்வக்ரால் நம் கற்பூரவல்லியில் உண்டு. கன்னட வீடுகளில் தொட்டபத்ரே என்று சொல்லித் தம்புளி செய்வார்களே, அந்த இலைதான். ருசி அப்படியே லூசியானா என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய டப்பாவில் மணம் போய்க் கிடக்கும் உலர்ந்த தைமை விட ஓமம் மேல் என்பது என் கட்சி.

மிச்ச மசாலா வெண்ணெயில் போகிறது. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். உருகியதும் வரும் நுரை அந்தத் தண்ணீர்தான். நுரை அடங்கியதும் தீயைக் குறைத்து மசாலாவைப் போட்டால், சில நொடிகளில் தூளைச் சுற்றிச் சிவப்பு கசிந்து பரவுவதைப் பார்க்கலாம். மிளகாயின் நிறமிகள், காரம் தரும் கேப்சைசின், தைமால் எல்லாமே கொழுப்பில் கரைபவை, தண்ணீரில் சரியாகக் கரையாதவை. நேரே கிரீமில் தூவினால் தூள் தூளாகவே நிற்கும். நாம் தாளிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த இடம் வரை குழம்பு வைக்கிற கை தவறு செய்யாது. பாஸ்தாத் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி, கடாயின் அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிவிடுங்கள். கோழியின் ருசியில் பாதி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனிமேல்தான் திருப்பம். கிரீம் என்பது தண்ணீருக்குள் நுண்ணிய கொழுப்புத் துளிகள் மிதக்கும் கலவை. அது இரண்டு விதமாகக் கெடும், இரண்டும் வேறு வேறு கோளாறு.

ஒன்று, பால் திரிவது போலத் திரிவது. புளிப்பு ஏறினால் பாலில் உள்ள கேசின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாதாரணச் சூட்டில் இதற்கு, புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு 4.6 வரை வர வேண்டும். கொதிக்கும்போது அவ்வளவு புளிப்புக்கூடத் தேவையில்லை. கொழுப்பு நிறைந்த கிரீமில் இது எளிதில் நடக்காது. கேசினில் பெரும்பங்கு கொழுப்புத் துளிகளின் மேல் போய் ஒட்டிக்கொள்வதால் கட்டி தட்ட ஆள் மிஞ்சாது. ஏறக்குறைய 25 சதவீதக் கொழுப்புதான் இதற்கு எல்லைக்கோடு. நம் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் இருப்பதும் பெரும்பாலும் அதே 25 சதவீதம். கட்டுப்படியாக இருக்கட்டும் என்று ஒரு டம்ளர் பால் சேர்த்தோமானால் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறோம். அந்த நேரம் பார்த்துத் தக்காளியோ எலுமிச்சையோ விழுந்தால் கடாயில் பன்னீர்த் துகள்கள் மிதக்கும். தக்காளி போடுவதாக இருந்தால் கிரீமுக்கு முன்பே வதக்கிச் சுண்டவைத்துவிடுங்கள். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான், அதுவும் நாலே சொட்டு.

இன்னொன்று எண்ணெய் பிரிவது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைந்து, கொழுப்புத் துளிகள் நெருங்கி, ஒன்றில் ஒன்று கலந்து ஓரத்தில் சிவப்பாக ஒதுங்கும். “இன்னும் எண்ணெய் பிரியலையே” என்று எட்டிப் பார்க்கும் அத்தையைச் சமையலறையிலிருந்து சற்று நேரம் தள்ளி வைப்பது நல்லது. இங்கேதான் எடுத்து வைத்த பாஸ்தாத் தண்ணீர் வேலைக்கு வருகிறது. அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் சாஸைக் கெட்டியாக்கி, துளிகள் ஓடி ஒன்றையொன்று சேர்வதைத் தடுக்கின்றன. லேசாகப் பிரிந்துபோன சாஸில்கூட அரைக் கரண்டி விட்டு வேகமாகக் கிளறினால் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும்.

சீஸ் விஷயத்தில் சமையல் கலைஞர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். ருசிக்குப் பார்மேசான்தான், மறுக்கவில்லை. ஆனால் கொதிக்கும் சாஸில் போட்டால் அது கரண்டியில் கயிறாகத் தொங்கும், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் துருவிப் போட வேண்டும். குழந்தைகள் டிபன் பாக்ஸில் கொண்டுபோகிற புராசஸ்டு சீஸ் கட்டியில் சிட்ரேட், பாஸ்பேட் மாதிரியான உப்புகள் உண்டு. அவை கேசினிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கிவிடுவதால் புரதம் நெகிழ்ந்து கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரு கட்டி போட்டால் சாஸ் பிரியவே யோசிக்கும்.

இவ்வளவு மிளகாய் போட்டும் இந்தப் பாஸ்தா ஏன் மிளகாய்ச் சட்னி அளவுக்கு நாக்கைச் சுடுவதில்லை? நாக்கின் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசினும் அதே புரதத்தில் போய் ஒட்டி அதே செய்தியை அனுப்பவைக்கிறது. காரம் என்பது ருசியே இல்லை, சுடாத இடத்தில் சுடுகிற உணர்வு. மிளகின் பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது, வலு குறைவு. இந்தப் புரதத்தை 1997-ல் அடையாளம் கண்டது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. அவருக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு, ஆர்டெம் படாபூட்டியனோடு சேர்த்துக் கிடைத்தது. நெடியில் இருமல் வருவதற்கும் இந்தப் புரதமே காரணம், அது மூச்சுக்குழாயிலும் இருக்கிறது.

கிரீம் சாஸில் கேப்சைசின் கொழுப்புத் துளிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து எச்சிலுக்கு வந்து, எச்சிலிலிருந்து நரம்புக்குப் போக வேண்டும். அதனால் காரம் தாமதமாக, மெதுவாக ஏறும். போதாததற்குக் கேசினும் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும். முதல் வாயில் ‘காரமே இல்லையே’ என்று மேலும் மிளகாய்த்தூள் தூவுகிறவர்கள் ஐந்தாவது வாயில் தண்ணீர் தேடுவது இதனால்தான். தேடும்போது தண்ணீருக்குப் பதில் ஒரு டம்ளர் பாலோ மோரோ கொடுங்கள், தண்ணீரில் கேப்சைசின் கரையாது. காரம் பார்க்கிறவர்கள் கரண்டியை நக்கியதும் முடிவு சொல்லாமல், அரை நிமிடம் பொறுத்து உப்பும் காரமும் திருத்தினால் கணக்குத் தப்பாது.

மிச்சமானதை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாகத்தான் இருக்கும். மாவுச்சத்துச் சங்கிலிகள் குளிரில் மறுபடி வரிசை கட்டி இறுகியிருக்கும், வெண்ணெய் உறைந்திருக்கும், பாஸ்தா இரவெல்லாம் சாஸின் தண்ணீரைக் குடித்திருக்கும். அப்படியே மைக்ரோவேவில் முழு வேகத்தில் வைத்தால் எண்ணெய் தனியாக வழியும். கடாயில் இரண்டு மூன்று கரண்டி பால் விட்டு, அதில் பாஸ்தாவை உதிர்த்துப் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் முதல் குமிழி வந்ததும் இறக்கிவிடலாம்.