விமான விபத்து: காரணம் தேடுவது வேறு, வழக்கு வேறு

ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இரவு பஸ் ஏறிக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் செல்கிறார்கள். விமானம் விபத்துக்குள்ளானால் தமக்கு என்ன உரிமை உண்டு என்பதை அவர்களின் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

விபத்துப் புலனாய்வுக்கான விதிகள், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பில் உள்ளன. இன்னொரு விபத்து நடக்காமல் தடுப்பதே புலனாய்வின் ஒரே நோக்கம். யார் மீதும் பழி சுமத்துவதோ பொறுப்புச் சாட்டுவதோ அதன் வேலையல்ல. குற்றம் யாருடையது என்று தீர்மானிக்கும் நடவடிக்கை தனியாகவே நடக்க வேண்டும்.

ஏன் இந்தப் பிரிவு? உயிர் தப்பிய துணை விமானியைப் புலனாய்வாளர் கேள்வி கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "களைத்திருந்தேன், அந்த எச்சரிக்கை விளக்கைக் கவனிக்கவில்லை" என்று அவர் சொன்னால், பணி நேர ஒழுங்கையே மாற்றலாம். அதே வாக்கியம் நாளை தன்னைச் சிறைக்கு அனுப்பும் என்று அஞ்சினால், அவர் வாயே திறக்கமாட்டார். அடுத்த விமானத்தில் ஏறப்போவது நம் பிள்ளைகள் என்பதால் அந்த மௌனம் எனக்கு அச்சம் தருகிறது. இதனால்தான் வாக்குமூலங்களுக்கும் விமானி அறைக் குரல் பதிவுக்கும் பாதுகாப்பு உண்டு. அது முழுமையான பூட்டு அல்ல; வெளியிடுவதன் பயன் அதனால் வரும் பாதிப்பைவிடப் பெரிது என உரிய அதிகாரபீடம் தீர்மானித்தால் திறக்கலாம்.

2025 ஜூன் 12 அகமதாபாத் ஏர் இந்தியா விமான விபத்தில் முதற்கட்ட அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. அதில் சுருக்கிச் சொல்லப்பட்ட விமானி அறை உரையாடல் ஒன்றை வைத்தே பலர் விமானிகளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இறந்தவர்களின் வீட்டாருக்கு அது அநியாயம்.

இந்தப் புலனாய்வு விதிகள் சிவில் விமானங்களுக்கு மட்டுமே. 2025 மே மாதம் மாதுறு ஓயாவில் விழுந்த விமானப்படை ஹெலிகொப்டர் போன்றவை இதில் அடங்கா.

இனி நட்டஈடு. இறுதி அறிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிக்கையை இயன்றவரை 12 மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்பதே விதி; பல விபத்துகளில் அது இன்னும் இழுபடும். விமானப் பயணிகளுக்கான நட்டஈடு பற்றிய, இலங்கையும் இணைந்துள்ள 1999 மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வழக்குத் தொடர 2 ஆண்டுகள்தான் உண்டு. அந்தக் கெடு அறிக்கைக்காக நிற்காது. நிரூபிக்கப்பட்ட இழப்பில் 1,51,880 எஸ்.டி.ஆர். வரை, விமான நிறுவனம் தன்மேல் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பயணியின் நிரந்தர வதிவிடம் இலங்கையாக இருந்து, அந்த நிறுவனம் இங்கு சேவை நடத்தினால், இங்கேயே வழக்கிடலாம்.

சட்டத்தரணியிடம் போகும்போது டிக்கெட் பிரதி, மரணச் சான்றிதழ், கிராம சேவகரின் வதிவிடச் சான்று ஆகியவற்றோடு, இறந்தவர் வீட்டுக்குப் பணம் அனுப்பிய வங்கிச் சிட்டைகளையும் கொண்டு செல்லுங்கள். குடும்பம் அவர் உழைப்பில் வாழ்ந்தது என்பதற்கு அவையே சான்று.