கோலாவா, குவாலாவா: விக்கியில் ஒரு தலைப்பு இடம்மாறும்போது

பினாங்கு குவீன் ஸ்திரீட்டில் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் இருக்கிறது, 1833இல் எழுந்தது. கோலாலம்பூர் ஜாலான் துன் எச். எஸ். லீயில் இருப்பதும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம்தான், 1873இல் தொடங்கியது. அம்மனுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பெயர் இருப்பதில் பக்தருக்குச் சிக்கல் இல்லை, விக்கிப்பீடியாவுக்கு உண்டு. அங்கே ஒரு தலைப்பில் ஒரு பக்கம்தான் நிற்கும். ஊர்ப்பெயர் ஒட்டாத அந்தத் தலைப்பு யாருக்கு? மூத்தது பினாங்குக் கோயில். தைப்பூசத்துக்குப் பத்துமலை நோக்கி வெள்ளி ரதம் புறப்படுவதோ கோலாலம்பூர்க் கோயிலிலிருந்து. இரு பக்கமும் நியாயம் இருப்பதால், இரண்டுக்கும் ஊர்ப்பெயரைச் சேர்த்துவிட்டு, வெறும் தலைப்பை ‘எந்தக் கோயில்?’ என்று கேட்கும் வழிகாட்டிப் பக்கமாக்குவதே நல்லது. ஜார்ஜ் டவுனுக்கும் இதே கதைதான்: பினாங்கில் ஒன்று, சென்னையில் ஒன்று, கேமன் தீவுகளில் ஒன்று.

இப்படிப் பெயர் மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது? விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அதன் தரவுத்தளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும். தலைப்பு அந்த எண்மேல் ஒட்டிய சீட்டு, அவ்வளவே. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற வரலாறு முழுதும் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, ஆயிரம் திருத்தம் கண்ட பக்கமானாலும் ‘நகர்த்து’ என்பதை அழுத்தினால் சீட்டுதான் மாறும். வரலாறு அப்படியே கூட வரும், நகர்த்தியவர் பெயரும் காரணமும் அதில் ஒரு வரியாகச் சேரும். பழைய தலைப்பில், புது எண்ணோடு, ‘அந்தப் பக்கத்துக்குப் போ’ என்ற ஒற்றை வரி மட்டும் உள்ள சின்னப் பக்கம் முளைக்கும். அதற்குப் பெயர் வழிமாற்று.

இதை அறியாதவர்கள் செய்யும் பெரிய தவறு, கட்டுரையை வெட்டிப் புதுத் தலைப்பில் ஒட்டுவது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் எழுதியவர்களின் பெயர்ப்பட்டியல் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். புதுப் பக்கத்தில் ஒட்டியவர் ஒருவரே முழுக் கட்டுரையையும் எழுதியதுபோல் தெரியும். விக்கிப்பீடியாவின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எழுதியோரைக் குறிப்பிடச் சொல்வதால் இது உரிமப் பிழையும் ஆகிறது. சரிசெய்ய, கூடுதல் அதிகாரம் பெற்ற பயனரான நிருவாகி இரண்டு வரலாறுகளையும் இணைக்க வேண்டும். அதற்குள் இரு பக்கத்திலும் தனித்தனியே திருத்தம் ஏறியிருந்தால் சிக்கெடுப்பது பெரும்பாடு.

நகர்த்தும் பொத்தான் புதியவர் கைக்கு உடனே வராது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி 4 நாள் ஆகியிருக்க வேண்டும், 10 திருத்தம் செய்திருக்க வேண்டும். பேச்சுப் பக்கத்தையும் சேர்த்து நகர்த்தும் குறியை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் கட்டுரை ஓரிடத்திலும் அதைப் பற்றிய வாதம் வேறிடத்திலும் கிடக்கும்.

வழிமாற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. மென்பொருள் ஒரே ஒரு தாவல்தான் தாவும். ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ என்ற தலைப்பு ‘செபராங் பிறை’க்குத் திருப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ ‘செபராங் பிறை’யை ‘செபராங் பெராய்’க்கு நகர்த்தினால், பழைய பெயரில் வருபவர் நடுவழியில் உள்ள வழிமாற்றுப் பக்கத்தில் இறங்கி நிற்பார். இதற்கு இரட்டை வழிமாற்று என்று பெயர். தாமாகவே திருத்தம் செய்யும் நிரல்களான தானியங்கிகள் இவற்றைத் தேடி நேராக்கும்; ஆனால் தலைப்பை நாளுக்கு இருமுறை இழுத்தால் அவையும் என்ன செய்யும்?

திருப்பி நகர்த்துவதிலும் ஒரு பூட்டு உண்டு. பழைய தலைப்பில் உள்ள வழிமாற்று ஒரே ஒரு திருத்தத்தோடு, நகர்த்த வேண்டிய பக்கத்தையே சுட்டிக்கொண்டு இருந்தால் சாதாரணப் பயனரே திரும்பக் கொண்டுபோகலாம். அதில் யாராவது ஓர் இடைவெளியைச் சேர்த்துவிட்டாலும் திருத்தம் இரண்டாகிவிடும், பூட்டு விழும், பிறகு நிருவாகிதான் வர வேண்டும். தெரிந்தே இதைச் செய்பவர்களும் உண்டு. வரலாற்றில் அந்தத் திருத்தம் அப்பட்டமாகத் தெரியும் என்பதால் கடைசியில் அவர்கள் வாதமே வலுவிழக்கும். இரண்டு தலைப்புகளின் பக்கங்களைப் பரிமாற மூன்று நகர்த்தல் தேவை: முதலாவதைத் தற்காலிகத் தலைப்புக்கு, இரண்டாவதை முதலாவதின் இடத்துக்கு, தற்காலிகத்தில் இருப்பதை இரண்டாவதின் இடத்துக்கு.

கண்ணுக்கே தெரியாத தகராறும் உண்டு. ‘ஸ்ரீ’யைப் பழைய முறையில் ஸ வைத்தும் எழுதலாம், கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான ஒருங்குறியில் 2005இல் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ பெட்டாலிங்’ என்று தேடினால் பக்கமே இல்லை என்கிறது, கண்முன் பக்கம் இருக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அடுத்தது ஔகாரம். பினாங்கு கெக் லோக் சி ‘பௌத்த’ ஆலயத்தில், ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ள என்ற எழுத்தும் தட்டியிருந்தால் அது வேறு சொல். ஓகாரத்தில் இந்தப் பயம் வேண்டாம்: கொம்பும் காலும் தனித்தனியே தட்டினாலும் மென்பொருள் ஒன்றாக்கிக்கொள்ளும். ள என்பது முழு எழுத்தாதலால் அதை ஒன்றாக்க வழியில்லை. இவ்வகைப் பிழைகளுக்கு விவாதமே தேவையில்லை, நகர்த்திவிட்டுப் போகலாம்.

தலைப்பின் நீளத்துக்கும் வரம்பு உண்டு: 255 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட் எடுக்க, தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் 3 பைட் போகும். ஆக எழுத்தும் குறியுமாக 85தான். ‘கோலாலம்பூர்’ துணைக்குறிகளையும் எண்ணினால் 11, ஆக 33 பைட். அதையே இணைய முகவரியாக ஒட்டினால் 99 எழுத்து நீள விழுக்காட்டுக் குறிகளாக விரியும். கோயிலின் முழுத் திருநாமத்தோடு ஊர், மாநிலம் எல்லாம் சேர்த்துத் தலைப்பு வைக்க ஆசைப்படுபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

உண்மையான சண்டை காதைப் பற்றியது. மலாய் ஒலிப்புக்குக் ‘குவாலா லும்பூர்’ நெருக்கம். தமிழர் நாவில் நிலைத்தது ‘கோலாலம்பூர்’. ஒன்றை மாற்றினால் கோலா சிலாங்கூர், கோலா கங்சார், கோலா திரங்கானு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ஜாலான் துன் சம்பந்தனா, துன் சம்பந்தன் சாலையா? கம்போங்கா, கம்பமா? பிரிக்பீல்ட்ஸா, ஆய்தம் போட்ட பிரிக்ஃபீல்ட்ஸா? தமிழ்நாட்டவர் ஜார்ஜ் என்பதை மலேசியரும் இலங்கையரும் ஜோர்ஜ் என்பார்கள். கிரந்தமே வேண்டாம் என்போர் சார்ச்சு என்பார்கள். இதில் பத்துமலை விவகாரம் மட்டும் எளிது. மலாயில் ‘பத்து’ என்றால் கல். ஆகவே ‘பத்துக் குகைகள்’ என்பதே சரி என்று யாராவது வாதிட்டாலும், தைப்பூசத்துக்குப் போகும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆங்கில விக்கிப்பீடியா ஐந்து அளவுகோல் வைத்திருக்கிறது. வாசகர் அடையாளம் காண வேண்டும், இயல்பாகத் தேடும் பெயராக இருக்க வேண்டும், வேறொன்றோடு குழம்பக் கூடாது, தேவைக்குமேல் நீளக் கூடாது, ஒத்த தலைப்புகளோடு பொருந்த வேண்டும். இவை ஒன்றையொன்று இழுக்கும். கோலாவா குவாலாவா என்பது முதலாவதுக்கும் கடைசிக்கும் நடக்கும் இழுபறிதான். அரசாணைப் பெயரே வெல்லும் என்ற விதி எதுவும் இல்லை.

சர்ச்சைக்குரிய நகர்த்தலைப் பேச்சுப் பக்கத்தில் முன்மொழிய வேண்டும். அங்கே வழக்கமாக 7 நாள் விவாதம். தலைகளை எண்ணுவதில்லை, சான்றுகளை எடைபோடுவார்கள். தேடுபொறி காட்டும் எண்ணிக்கை வெறும் மதிப்பீடு. அதோடு, விக்கியின் தலைப்பையே படியெடுத்த தளங்களும் அந்தக் கணக்கில் வந்துவிடும். நாம் வைத்த பெயருக்கு நாமே சாட்சி சொன்ன கதையாகிவிடும். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற நாளிதழ்கள், பள்ளிப் பாடநூல்கள், மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தி ஆகியவை எந்த வடிவத்தை எடுத்தன என்று பார்ப்பது மேல். சான்று இரு பக்கமும் சமமாக இருந்தால் பழைய தலைப்பே நிற்கட்டும். ஆங்கில விக்கியில் தயிர்ப் பக்கம், ‘யோகர்ட்’ என்ற ஆங்கிலப் பெயரின் நடுவில் ஒரு எச் வேண்டுமா என்ற தகராறில் 2003இல் இடம்மாறி 2011இல்தான் திரும்பியது. தயிர் உறைய ஓர் இரவு போதும்.

பெயரே காலத்தோடு மாறியிருந்தால்? 2005இல் போலந்தின் கடான்ஸ்க் நகருக்காக ஆங்கில விக்கிப்பீடியாவில் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள்: 1308 முதல் 1945 வரையிலான காலத்தைப் பேசும்போது ஜெர்மானியப் பெயரான டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கடான்ஸ்க். இங்கேயும் அது பொருந்தும். கோலாலம்பூரின் ஜாலான் டூத்தா 2014இல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் ஆனது. பக்கத்தின் தலைப்புக்குப் புதுப்பெயர் இருக்கட்டும். ஆனால் நகர்த்திய கையோடு எல்லாக் கட்டுரையிலும் பழைய பெயரைத் தேடி மாற்றத் தானியங்கியை அவிழ்த்துவிட்டால், 1990களின் நிகழ்ச்சி 2014இல் வைத்த பெயருள்ள சாலையில் நடந்ததாகிவிடும். பழைய இணைப்புகளை அப்படியே விடலாம்; வழிமாற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். கையால் மாற்ற வேண்டியது, ஒத்த கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் பகுப்பைத்தான்: பகுப்புப் பக்கத்தை நகர்த்தினாலும் அதில் உள்ள கட்டுரைகள் பழைய பகுப்பிலேயே இருக்கும்.