உலகாயதம்: சொல்லும் பொருளும்

‘உலகாயதம்’ என்ற சொல் இன்று இரண்டு பொருளில் வழங்குகிறது. பணம், பதவி, வீடு, வாசல் என்று அலையும் வாழ்க்கையை ‘உலகாயத வாழ்க்கை’ என்கிறோம். மெய்யியலில் அது உடலுக்கு வேறான உயிர், மறுபிறப்பு, வினைப்பயன் ஆகியவற்றை மறுத்த பழைய இந்தியச் சிந்தனை மரபின் பெயர். முதற்பொருள் இரண்டாவதன் மீது ஏற்றப்பட்ட பழியிலிருந்து வளர்ந்தது என்றே தோன்றுகிறது.

வடமொழியில் இது ‘லோகாயத’. உலகைக் குறிக்கும் ‘லோக’ என்பதும், பரந்தது என்னும் பொருளுடைய ‘ஆயத’ என்பதும் சேர்ந்த தொடர். மக்களிடையே பரவிய கொள்கை என்று சிலரும், இவ்வுலகையே பற்றி நிற்பது என்று வேறு சிலரும் இதற்குப் பொருள் கொள்வர். தொடக்கத்தில் இச்சொல்லில் இழிவுக் குறிப்பு இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சாங்கியம், யோகம் ஆகியவற்றோடு லோகாயதத்தையும் அரசன் கற்கவேண்டிய ஆய்வு நெறியில் சேர்க்கிறது. பாலி நூல்கள் இதைக் கற்றறிந்த அந்தணர் பயிலும் துறைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. சார்வாகம் என்பது இதன் மறுபெயர். ‘சாரு வாக்கு’, அதாவது இனிய பேச்சு, என்று அதைப் பிரித்துக் காட்டுவோர் உண்டு. எதிராளிகள் சூட்டிய பெயர் போலத்தான் இருக்கிறது.

தமிழில் இக்கொள்கையைச் சுருக்கமாகவும் எளிமையாகவும் சொல்லும் பழைய இடம் மணிமேகலையின் 27ஆம் காதை. வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டு வருகையில், இக்கொள்கையைச் சேர்ந்த பூதவாதி தன் கருத்தை ஓர் உவமையால் விளக்குகிறான். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால், தனித்தனியே எதிலும் இல்லாத கள்ளின் களிப்பு பிறக்கிறது. அதுபோல மண், நீர் முதலிய பூதங்கள் உரிய முறையில் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, பூதங்கள் பிரிந்தால் அவ்வுணர்வும் பறையின் ஓசைபோல் அழிந்துவிடுகிறது. உணர்வு எங்கிருந்தோ வந்து உடலில் குடியேறியது அன்று என்னும் கடினமான கருத்தைக் கள் காய்ச்சத் தெரிந்த எவருக்கும் விளங்கும்படி சொல்லிவிட்டார் சாத்தனார். அவரோ பௌத்தச் சார்பினர், இக்கொள்கையை மறுக்க வந்தவர். இதை மறுக்கும் மற்ற நூல்களும் அப்படியே: நீலகேசி சமணரின் நூல். சிவஞான சித்தியார் பரபக்கம் சைவருடையது. தமிழில் உலகாயதரின் குரலை நாம் கேட்பதெல்லாம் அவரை மறுத்தவர்களின் வாய்வழியேதான். வடமொழியிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே: இம்மரபின் முதல் ஆசிரியராகக் கருதப்படும் பிருகற்பதி இயற்றியதாகச் சொல்லப்படும் சூத்திரங்கள் பிறர் எடுத்தாண்ட துணுக்குகளாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

‘கண்கூடு அல்லது கருத்து அளவு அழியும்’ என்கிறான் பூதவாதி. காட்சியே அளவை, அதாவது அறியும் வழி; கண்டதைக் கொண்டு காணாததை ஊகிக்கும் கருத்தளவை நில்லாது என்பது இதன் பொருள். மணிமேகலை விடவில்லை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். வாதத்தில் அவளே வென்றாள் என்று காப்பியம் காட்டினாலும், உலகாயதர் எல்லோரும் இந்த இடத்தில் வாயடைத்து நின்றுவிடவில்லை. புரந்தரர் என்னும் சார்வாகர், உலக நடப்புக்குள் அடங்கும் ஊகத்தை ஏற்கலாம், உலகைக் கடந்த பொருள்களுக்கு அதை நீட்டுவதே கூடாது என்று வரையறுத்ததாகப் பிற்கால நூல்கள் கூறுகின்றன. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது சரி. நெருப்பைப் பிறகு போய்ப் பார்க்கவும் முடியும். துறக்கத்தை அப்படிச் சரிபார்க்க வழியில்லை.

இனி அந்தப் பழி. ‘வாழும்வரை இன்பமாக வாழ், கடன்பட்டாவது நெய் உண்’ என்பது உலகாயதரின் கூற்றாகப் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகத்தில் அது இவ்வடிவில் வருகிறது. அதற்கு முந்திய மேற்கோள்களில் நெய்யும் இல்லை, கடனும் இல்லை; அந்த இடத்தில் ‘சாவுக்கு எட்டாதது எதுவும் இல்லை’ என்ற தொடரே காணப்படுகிறது. அறிவு எல்லையைப் பற்றிய ஒரு கோட்பாடு ஊதாரித்தனத்தின் பெயராக மாறியதில் இந்தப் பாடபேதத்துக்கும் பங்கு இருக்கவேண்டும்.

லோகாயதம் என்பதற்குத் தமிழ் நிகரியைத் தேடும்போது ‘நாத்திகம்’ பொருந்தாது. வேதத்தை ஏற்காத பௌத்தரும் சமணரும்கூட அப்பெயரால் சுட்டப்பட்டனர். அவர்கள் வினையையும் மறுபிறப்பையும் ஏற்பவர்கள். ‘பொருள்முதல்வாதம்’ நல்ல சொல்தான். ஆனால் அது எந்த நாட்டுப் பொருள்முதற் கொள்கைக்கும் பொதுவானது. மார்க்சிய நூல்களின் வழியே நிலைபெற்றது. ‘பூதவாதம்’ பழந்தமிழில் ஆட்சி பெற்றது என்றாலும் இரு இடர்ப்பாடுகள் உண்டு. பூதம் என்றதும் இன்றைய வாசகர் பேயை நினைப்பார் என்பது ஒன்று. மணிமேகலையின் பூதவாதியோ உயிருள்ள பூதம், உயிரில்லாத பூதம் என இருவகை கூறி, ஏனையவற்றில் தன் கருத்து உலோகாயதனுடையதே என்கிறான். ஆகவே அது கிளைக்கொள்கையின் பெயர் என்பது மற்றொன்று. லகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் உகரம் சேர்த்துச் சாத்தனார் ‘உலோகாயதன்’ ஆக்கினார். பின்னர் அது ‘உலகாயதம்’ எனத் தேய்ந்து ‘உலகு’ என்ற சொல்லோடு இயைந்துவிட்டது. இம்மரபைக் குறிக்க அதையே வைத்துக்கொண்டு, பொதுக் கொள்கைக்குப் பொருள்முதல்வாதம் என்றும், பணம் தேடும் வாழ்க்கைக்கு உலகியல் வாழ்க்கை என்றும் எழுதலாம்.