ஸ்பிரிங் வாங்குமுன் அளவு டேப்பை எடுங்கள்

கியூபெக்கிலும் மினசோட்டாவிலும் சனிக்கிழமை காலை வழுவழுப்பாக இருக்கும் பனித்தடம், ஞாயிறு மாலைக்குள் வண்டிகள் ஓடி ஓடி வரிசையாக மேடு கட்டிவிடும். அந்த மேடுகளில் ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியின் பின்பக்கம் 'தட் தட்' என்று அடித்தால், பணிமனைக்கு வருகிறவர் முதலில் கேட்பது கடினமான ஸ்பிரிங்தான். பெரும்பாலும் அது வீண்செலவு.

முதலில் அமிழ்வை, அதாவது நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை, அளந்துவிடுங்கள். பின்பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்க நீண்ட நிலையில் தரையிலிருந்து பம்பர் வரை உயரத்தைக் குறியுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், பயணப்பை என்று வழக்கமாகக் கொண்டுபோகும் எல்லாவற்றோடும் உட்கார்ந்து, வண்டியை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். தடத்தில் ஓடும் பல ஸ்கி-டூ நிறுவன மாடல்களுக்கு இந்த இரண்டு அளவுகளின் வித்தியாசம் 50 முதல் 75 மி.மீ. இருக்கலாம். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பாருங்கள்.

வித்தியாசம் கூடுதலாக இருந்தால் டார்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங்கின் கேமை, அதாவது அதன் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும் துண்டை, ஒரு படி ஏற்றுங்கள். இடம், வலம் இரண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும். கடைசிப் படியிலும் அமிழ்வு குறையவில்லை என்றால்தான் கடினமான ஸ்பிரிங் தேவை. முதல் படியிலேயே அமிழ்வு 50 மி.மீ.-ஐ எட்டவில்லையா? போட்டிருக்கும் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மிஞ்சியது.

இப்படிக் கேமால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன்அழுத்தத்தை) ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும்.

அமிழ்வு சரியாக இருந்தும் அடிக்கிறதா? அப்போது ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் (அதிர்வுதாங்கி) திரும்ப நீளும் வேகத்தை, சந்தேகியுங்கள். ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக், அடுத்த மேடு வருவதற்குள் நீளவில்லை என்றால் ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, ஐந்தாறு மேட்டுக்குப் பின் அடி தட்டும். முதல் மேடு மெத்தென்று போய், போகப் போக மோசமானால் நோய் இதுதான். ரீபவுண்ட் திருகு இருக்கும் ஷாக்கில், அதைக் கடிகாரத் திசையில் மெதுவாக முடிவு வரை திருகி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து இரண்டு கிளிக் தளர்த்துங்கள். மிகவும் தளர்த்தினால் பின்பக்கம் உதைத்து எழும்பும். குளிரில் ஷாக் எண்ணெய் கெட்டியாக இருக்கும். கால் மணி நேரமாவது ஓட்டிய பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

பின் சஸ்பென்ஷனின் முன்முனை எவ்வளவு நீளலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட்டர் பட்டையில் கை வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். சுருக்கினால் முன்னால் இருக்கும் ஸ்கீக்களில் பாரம் ஏறி வளைவில் நன்றாகக் கடிக்கும். ஆனால் ஹேண்டில் கனக்கும், பிரேக் போட்டால் பின்பக்கம் லேசாகி விலகும். நீட்டினால் முன்பக்கம் லேசாகி, உறைந்த வளைவில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஒரு துளை மாற்றிப் பார்த்தாலே போதும். அதற்கும் முன் ஸ்கீயின் அடியில் பனியைக் கடிக்கும் கார்பைடு விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; அதை மாற்றினாலே பாதிப் பேரின் 'சஸ்பென்ஷன் கோளாறு' தீர்ந்துவிடும்! லிமிட்டர் பட்டையின் நீளத்தை மாற்றினால் டிராக்கின் (வண்டியை உந்தும் ரப்பர் வாரின்) இறுக்கமும் மாறும். பல ஸ்கி-டூ மாடல்களில், டிராக்கின் நடுவில் 7.3 கிலோ விசையில் கீழே இழுத்தால் 30 முதல் 35 மி.மீ. இடைவெளி வர வேண்டும்.

டார்ஷன் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அதன் நீண்ட கால் சாட்டைபோல் வீசும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், அதற்கென்றே இருக்கும் இழுகருவியைப் பயன்படுத்தி, முகத்தை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். இட ஸ்பிரிங்கும் வல ஸ்பிரிங்கும் எதிரெதிர்த் திசையில் சுற்றியவை, மாற்றிப் போட முடியாது. நைட்ரஜன் அடைத்த ஷாக்கை வீட்டில் பிரிக்கவே வேண்டாம். பூட்டும்போது லாக் நட்டுகளைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி சோதியுங்கள்.

பின்பக்க உயரம் மாறியிருந்தால், இருட்டுவதற்குள் ஹெட்லைட்டையும் சரிசெய்துவிடுங்கள். பின்பக்கம் ஏறினால் வெளிச்சம் ஸ்கீக்கு முன்னாலேயே விழுந்துவிடும்.