'ஹீ'யா, 'ஷீ'யா? பிரிட்டன் வேலையிடச் சட்டம் என்ன சொல்கிறது

தமிழில் நம்மோடு வேலை பார்ப்பவரை 'அவர்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. ஒரு திருநங்கை தன்னை 'ஷீ' என்று குறிப்பிடச் சொல்கிறார். அடுத்த மேசைக்காரருக்கோ அவர் ஆண்தான் என்ற எண்ணம். பிரிட்டனில் சட்டம் யார் பக்கம்?

இன்னாரை இந்தச் சொல்லால்தான் குறிப்பிட வேண்டும் என்று 2010 சமத்துவச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் அது காக்கும் ஒன்பது தன்மைகளில் இரண்டு இங்கே மோதுகின்றன. ஒன்று, 7ஆம் பிரிவில் வரும் பாலின மாற்றம். மாறும் எண்ணத்தோடு இருந்தாலே போதும். அறுவை சிகிச்சையோ 2004 சட்டம் தரும் பாலின அங்கீகாரச் சான்றிதழோ வேண்டியதில்லை. மற்றொன்று, 10ஆம் பிரிவில் வரும் மதமும் நம்பிக்கையும்.

பிறப்பால் வந்த பாலை மாற்ற முடியாது என்று நினைப்பதும் அந்த நம்பிக்கைக் கணக்கில் சேருமா? இந்தக் கருத்தைச் சொன்னதால் வேலை போனதாக வழக்குப் போட்ட ஆய்வாளர் மாயா ஃபோர்ஸ்டேட்டர். அவர் வழக்கில் 2019இல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் சேராது என்றது. 2021 ஜூனில் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மாற்றியது: நாஜிக் கொள்கை போன்றவைதான் விலக்கு, இந்த நம்பிக்கைக்குப் பாதுகாப்பு உண்டு. 2022இல் அவர் வழக்கில் வென்றும்விட்டார். ஆனால் இந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி அதிலேயே இருக்கிறது. இப்படி நம்புகிறவர்கள் திருநரை இஷ்டத்துக்கு மாற்றுப் பாலில் குறிப்பிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை என்று நீதிபதிகள் எழுதியே வைத்தார்கள்.

அதற்கு அர்த்தம் என்ன என்பதை டேவிட் மெக்கரத் வழக்கில் பார்க்கலாம். 2018இல் அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கான மருத்துவ மதிப்பீட்டு வேலையில் சேர்ந்த டாக்டர் அவர். கிறிஸ்தவ நம்பிக்கை காரணமாக, வருபவர் கேட்கும் 'ஹீ', 'ஷீ'யைப் பயன்படுத்த மாட்டேன் என்றார். வேலை நிலைக்கவில்லை. 2022இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவருடைய நம்பிக்கையும் பாதுகாப்புக்கு உரியதே என்று ஏற்றது. வழக்கில் மட்டும் அவர் தோற்றார். உதவி கேட்டு வருபவர் மரியாதையோடு நடத்தப்பட வேண்டும் என்பதற்காகத்தான் வேலை தருபவர் அப்படி நடந்துகொண்டார், நம்பிக்கைக்காகத் தண்டிக்கவில்லை என்பது காரணம். எனக்கு இது சரியான பிரிப்பாகவே படுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயும் பணமுடையுமாக வந்தவர். டாக்டரின் கருத்தைக் கேட்க வந்தவர் அல்ல.

சக ஊழியர்கள் விஷயத்தில் 26ஆம் பிரிவு, அதாவது தொந்தரவு பற்றிய பிரிவு, வேலைக்கு வரும். ஒருவர் விரும்பாத நடத்தை, அவருடைய மாற்றம் தொடர்பானது, கண்ணியத்தைக் குலைப்பது அல்லது இருக்க முடியாத சூழலை உண்டாக்குவது என்றால் அது குற்றச்சாட்டுக்கு உரியது. பாதிக்கப்பட்டவர் மனநிலை, சூழ்நிலை, அப்படி வருந்துவது நியாயமா என்ற மூன்றையும் தீர்ப்பாயம் பார்க்கும். வாய் தவறி 'ஹீ' என்று சொல்லித் திருத்திக்கொள்வது வேறு. சொல்லியும் வேண்டுமென்றே மாதக்கணக்கில் தொடர்வது வேறு. பெயரை மட்டும் சொல்லிச் சமாளிப்பவர்களும் உண்டு. எல்லோரையும் அப்படிச் சொன்னால் யாரும் கவனிக்கப்போவதில்லை, அந்த ஒருவரை மட்டும் என்றால் அது பளிச்சென்று தெரியும்.

2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தில் 'பால்' என்றால் உயிரியல் பால் என்று தீர்ப்பளித்ததால் இதெல்லாம் போய்விட்டது என்று ஒரு பேச்சு உண்டு. போகவில்லை. திருநருக்கு 7ஆம் பிரிவின் பாதுகாப்பு தொடர்கிறது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

இரு தரப்பில் யாருக்குக் குறை இருந்தாலும் வழி ஒன்றுதான்: முதலில் நிறுவனத்துக்குள் எழுத்தில் புகார், தீராவிட்டால் வேலையிடத் தகராறுகளைத் தீர்க்க உதவும் 'ஏகாஸ்' (Acas) அமைப்பின் சமரச முயற்சி, அதன்பின் தீர்ப்பாயம். காலக்கெடு கடுமையானது, ஏகாஸைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். வட அயர்லாந்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டம் வேறு.