ஒரே பற்பசை, எல்லை தாண்டினால் வேறு விலை

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டிராம் ஏறி ஜெர்மனிப் பக்கம் போனால் அதே ஷாம்பூவும் அதே பற்பசையும் வெகு மலிவாகக் கிடைக்கின்றன. கம்பெனி ஒன்று, உள்ளே இருப்பதும் ஒன்று. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? வரியா?"

வரி இல்லை. சுவிஸ் மதிப்புக் கூட்டு வரி 8.1 சதவீதம்தான். ஜெர்மனியில் 19, ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் 20. வரி மட்டும்தான் காரணம் என்றால் சுவிஸ் கடையில்தான் பொருள் மலிவாக இருந்திருக்க வேண்டும். சுங்கமும் இல்லை. தொழிற்சாலைப் பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வையை சுவிஸ் அரசு 2024 ஜனவரியிலேயே நீக்கிவிட்டது.

அடுத்து எல்லோரும் சொல்வது சம்பளமும் வாடகையும். இதில் உண்மை உண்டு. பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1964இல் தனித்தனியே விளக்கியது இதைத்தான். ஏற்றுமதித் தொழிலில் உற்பத்தித்திறன் கூடினால் அங்கே சம்பளம் ஏறும். அந்த ஆட்கள் முடிதிருத்தும் கடையை விட்டு ஆலைக்கு ஓடிவிடாமல் இருக்க, முடிதிருத்துபவருக்கும் கூட்டிக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பணக்கார நாட்டில் முடிவெட்டச் செலவு அதிகம். கடையில் பற்பசையை அடுக்கி வைப்பவரின் சம்பளமும் அப்படித்தான்.

ஆனால் இது பாதிக் கதைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் கிளைகள் உள்ள ஒரே சங்கிலிக் கடையின் விலைப் பதிவுகளை கீதா கோபிநாத் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் பட்டைக் குறியீடு (பார்கோடு) வாரியாக அலசி 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லைக்கு இருபுறமும் விலை சட்டென்று தாவுகிறது. கடைக்காரர் அடிக்கும் லாபம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைக்காரர் கொள்முதல் செய்யும் மொத்த விலையே எல்லையில் தாவுகிறது. அப்படியென்றால் சம்பளத்தையும் வாடகையையும் தாண்டி, சரக்கைக் கொடுப்பவர் பக்கம் ஏதோ நடக்கிறது.

செலவைக் கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்தால் அதுதான் விலை என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. வாங்குபவர் எவ்வளவு வரை தாங்குவார் என்பதுதான் விலை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் கற்பனைதான். ஒரு பற்பசைக் குழாயைச் செய்து கொண்டுபோய்ச் சேர்க்க 2 ஃபிராங்க் ஆகிறது. விலை 4 என்றால் இரண்டு நாட்டிலும் நூறு நூறு பேர் வாங்குவார்கள். 7 ஆக்கினால் பணக்கார நாட்டில் 90 பேர் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள், பக்கத்து நாட்டில் 30 பேர்தான் மிஞ்சுவார்கள், மற்றவர்கள் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது லாபத்தைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் 4 வைத்தால் மொத்தம் 400. இரண்டிலும் 7 வைத்தால் 450, 150 சேர்ந்து 600. பணக்கார நாட்டில் 7, பக்கத்து நாட்டில் 4 என்று பிரித்து வைத்தால் 450, 200 சேர்ந்து 650. கம்பெனி பிரித்துத்தான் வைக்கும். இதில் யார் மேலும் கோபமோ வஞ்சகமோ தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். இந்த 650 ஒரு நூலிழையில் தொங்குகிறது. யாரோ ஒரு வியாபாரி வேனை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து நாட்டில் 4க்கு மொத்தமாக வாங்கி, பணக்கார நாட்டில் 5க்கு விற்க ஆரம்பித்தால்? 7க்கு யாரும் வாங்க மாட்டார்கள். கம்பெனிக்கு எல்லாக் குழாயும் 4 விலையில்தான் போகும், லாபம் சுமார் 400க்கு இறங்கிவிடும். இந்த வேன்காரர் செய்வதற்குப் பெயர் இணை இறக்குமதி. ஒரே பொருளுக்கு ஒரே விலை என்ற பாடப்புத்தக விதி இந்த ஒருவரை நம்பித்தான் நிற்கிறது. எனவே கம்பெனியின் கவலை முழுவதும் இவரை எப்படி நிறுத்துவது என்பதுதான்.

எப்படி நிறுத்துவார்கள்? எல்மெக்ஸ் பற்பசை நல்ல உதாரணம். அதன் அப்போதைய உரிமையாளரான காபா ஒரு சுவிஸ் நிறுவனம். ஆஸ்திரியாவில் அதைத் தயாரித்து விற்கும் உரிமத்தை கெப்ரோ என்ற நிறுவனத்துக்கு 1982இல் கொடுத்தது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: ஆஸ்திரியாவுக்கு வெளியே ஏற்றுமதி செய்யக் கூடாது. சுவிஸ் தள்ளுபடிக் கடையான டென்னர், ஆஸ்திரியாவிலிருந்து அதை மலிவாக இறக்கப் பார்த்தது, நடக்கவில்லை. வழக்கு, சந்தையில் போட்டியைக் காக்கும் சுவிஸ் போட்டி ஆணையத்துக்குப் போய், 2009இல் காபாவுக்கு 48 லட்சம் ஃபிராங்க் அபராதம் விழுந்தது. 2016இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தன் நாட்டு நிறுவனத்தின் பற்பசையைப் பக்கத்து நாட்டு விலைக்கு வாங்க சுவிஸ்காரருக்கு வழி இல்லாமல் செய்தது அந்த ஒற்றை நிபந்தனை.

இதைவிட நுணுக்கமானது ஜூபிலர் பீர். பெல்ஜியத்தில் விலை அதிகம், நெதர்லாந்தில் குறைவு. பெல்ஜியத்தில் விற்க டப்பாவின் மேல் கட்டாயத் தகவல்கள் பிரெஞ்சிலும் டச்சிலும் இருக்க வேண்டும். தயாரிப்பாளரான ஏபி இன்பெவ், நெதர்லாந்துக்குப் போகும் டப்பாக்களில் பிரெஞ்சு எழுத்தை எடுத்துவிட்டது, டப்பாவின் அளவையும் வடிவமைப்பையும் மாற்றியது. அவ்வளவுதான், பெல்ஜியம் முழுவதும் விற்க அந்த டப்பா லாயக்கில்லாமல் போயிற்று. எல்லையில் காவலாளி வேண்டாம், நான்கு வரி அச்சை அழித்தால் போதும். 2019இல் ஐரோப்பிய ஆணையம் இது உள்ளிட்ட தடைகளுக்கு 20 கோடி யூரோ அபராதம் போட்டது. சட்டத்தை மீறிய வேலைதான், ஆனாலும் அந்தத் தந்திரத்தின் சிக்கனத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, வேன்காரரை மறிக்கும் இந்தச் சுவரை எல்லாம் இடித்துவிட்டால் எல்லோருக்கும் மலிவா? மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். பிரிக்க முடியாது என்றால் கம்பெனிக்கு லாபம் தருவது 400 இல்லை, 600. அதாவது இரண்டு நாட்டிலும் 7. பக்கத்து நாட்டில் 70 பேருக்குப் பற்பசை கைக்கு எட்டாது. எண்களை மாற்றினால் முடிவும் மாறும் என்றாலும், 'ஒரே விலை' என்று கோஷம் போடுபவர்கள் அது எந்த விலை என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பந்தமும் லேபிளும் இல்லாமலே நிற்கும் சுவர் ஒன்றும் உண்டு. அது நாணயம். லாட்வியாவின் லாட்ஸ் நாணயம் 2005 முதலே யூரோவோடு நிலையான விகிதத்தில் கட்டப்பட்டிருந்தது. மாற்று விகிதத்தில் சந்தேகமே இல்லை, பெருக்கிப் பார்த்தால் ஜெர்மன் விலை தெரிந்துவிடும். இருந்தும் ஸாரா என்ற துணிக்கடை நிறுவனத்தின் துணிகளில் வெறும் 6 சதவீதத்துக்குத்தான் லாட்வியாவிலும் ஜெர்மனியிலும் ஏறக்குறைய ஒரே விலை. 2014 ஜனவரி 1 அன்று லாட்வியா யூரோவுக்கு மாறியது. அந்த 6 சதவீதம் 89 ஆனது. தொழிற்சாலை மாறவில்லை, சம்பளமும் வாடகையும் மாறவில்லை. விலைச் சீட்டில் இருந்த நாணயத்தின் பெயர் மட்டும்தான் மாறியது.

கவாயோ, நைமன், ரிகோபான் என்ற மூன்று பொருளியலாளர்கள் கண்டது இது. அவர்கள் செய்தது, கடைகளின் இணையதளங்களிலிருந்து நாள்தோறும் விலைகளைத் திரட்டியது. முன்பே ஆப்பிள், ஐகியா போன்ற நிறுவனங்களின் பல்லாயிரம் பொருள்களிலும் இதே கோலத்தைக் கண்டிருந்தார்கள். யூரோ நாடுகளுக்குள் விலை ஒன்று, நாணயம் வேறென்றால் விலை வேறு. விலையைப் பதிவு செய்து வைப்பது சலிப்பான வேலை, அதற்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் நிதிக் குழுக்கள் முகம் சுளிக்கும். என் கருத்தில், பளபளக்கும் கோட்பாட்டு மாநாடு ஒன்றைக் குறைத்து இப்படிப்பட்ட பதிவேடுகளுக்குக் கொடுக்கலாம்.

யூரோவில் சேராத சுவிட்சர்லாந்துக்கு இந்தச் சுவர் எப்போதும் உண்டு. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்குக் குறைந்தது 1.20 ஃபிராங்க் என்று காத்துவந்த வரம்பைக் கைவிட்டதும் ஃபிராங்கின் மதிப்பு எகிறியது. இறக்குமதிச் சரக்கு அதே அளவுக்கு மலிந்திருக்க வேண்டும், கடை விலை அவ்வளவு இறங்கவில்லை. மக்கள் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸுக்குப் படையெடுத்தார்கள். அங்கே கடையில் ஒரு பச்சைச் சீட்டு தருவார்கள். அதில் ஜெர்மன் சுங்க அதிகாரியின் முத்திரை வாங்கினால் ஜெர்மன் வரியும் திரும்பக் கிடைக்கும். ஆக வேன்காரரின் வேலையைக் குடும்பம் குடும்பமாக மக்களே செய்தார்கள்.

சுவிஸ் அரசு திருத்திய சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு இணையக் கடை, சுவிஸ் வாடிக்கையாளர் என்பதற்காக வேறு விலைப் பக்கத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் பொருளை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று கடையைக் கட்டாயப்படுத்த முடியாது, வேண்டுமானால் நீங்களே போய் எடுத்துவர வேண்டும். போய் எடுத்துவருபவர் வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய சரக்கின் மதிப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 ஃபிராங்காக இருந்தது. 2025 ஜனவரியில் அதை அதே அரசு 150 ஆக்கிவிட்டது.