நரம்புத் தளர்ச்சியும் நரம்புப் பாதிப்பும்: ஒரு சொல் விளக்கம்

'நரம்புத் தளர்ச்சி' என்றால் தமிழில் இரண்டு பொருள். ஒன்று, கை நடுக்கம். இன்னொன்று, வெளியே சொல்லத் தயங்கும் பாலியல் குறை. 'இளம்வயதில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்கிற விளம்பரங்கள் இரண்டாவது பொருளை ஆழமாக ஊன்றிவிட்டன. நரம்புக்கும் பாலுறவுக்கும் தொடர்பு உண்டு, அதுவும் மிக நெருக்கமான தொடர்பு. ஆனால் இந்தச் சொல் காட்டுகிற தொடர்பு அதுவல்ல. இல்லாத நோயின் பெயர் ஒன்று, இருக்கிற நோயை மறைத்துக்கொண்டு நிற்கிறது. என் வருத்தம் அதுதான்.

முதலில் 'நரம்பு'. தெலுங்கில் நரமு, கன்னடத்தில் நர, மலையாளத்தில் ஞரம்பு. பழந்தமிழில் யாழின் தந்திக்கும் இதே பெயர்தான். தொல்காப்பியம் இசைநூலை 'நரம்பின் மறை' என்கிறது. கிரேக்க மொழியின் 'நியூரான்' என்ற சொல்லும் இதே வழியில் வந்தது. தசைநாண், நாண்கயிறு என்பதே அதன் பழைய பொருள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் என்ற மருத்துவர் உடல்களை அறுத்துப் பார்த்து, தசைநாண் வேறு, உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் இழைகள் வேறு என்று பிரித்துக் காட்டினார். அதன் பிறகே அந்தச் சொல் இன்றைய பொருளுக்கு நகர்ந்தது.

நம் பேச்சு வழக்கில் இப்படியொரு பிரிப்பு இன்னும் முழுதாக நடக்கவில்லை. ஊசி போடுகிறவர் 'நரம்பு கிடைக்கல' என்றால் அவர் தேடுவது சிரை, அதாவது இரத்தக்குழாய். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதும் அதுவே. ஆணுறுப்பில் 'நரம்பு தெரிகிறது' என்று பயந்து ஓடுகிற இளைஞர்கள் பார்ப்பதும் சிரையைத்தான், அது தெரிவது இயல்பு. உண்மையான நரம்பு தோலுக்கு வெளியே அப்படிப் புடைத்துக்கொண்டு நிற்பதில்லை.

அப்புறம் 'தளர்ச்சி'. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் மில்லர் பியர்ட் 'நியூரஸ்தீனியா' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். 'அஸ்தீனியா' என்றால் வலுவின்மை. களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாமே நரம்பின் ஆற்றல் தீர்ந்துபோவதால் வருகின்றன என்பது அவர் கொள்கை. பாலியல் குறைகளையும் இதே கணக்கில் சேர்த்து அவர் எழுதியவை, அவர் இறந்த மறு ஆண்டு, 1884இல் தனி நூலாகவே வந்தன. நம் 'நரம்புத் தளர்ச்சி' அந்தச் சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போகிறது. மருத்துவம் அந்தக் கொள்கையை எப்போதோ கைவிட்டுவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப் பட்டியலில் நியூரஸ்தீனியா தனி நோயாக இல்லை. விந்து வெளியேறினால் நரம்பு தளரும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. தற்புணர்ச்சியால், அதாவது சுய இன்பத்தால், எந்த நரம்பும் கெடாது. அந்தப் பயம் தரும் துன்பம் மட்டும் நிஜம். அதற்கு 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்; 'தாத்' என்பது இங்கே விந்தைக் குறிக்கிறது. மலையாளத்தில் 'ஞரம்பு ரோகி' என்பது இன்னும் ஒரு படி தாண்டி, பாலியல் வக்கிரம் பிடித்தவரைத் திட்டும் சொல்லாகிவிட்டது. நரம்பு என்ற சொல்லின் தலையில் எவ்வளவு பாரம்!

சரி, உண்மையிலேயே நரம்பு கெட்டுப்போவதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் 'நியூரோபதி'. 'பாத்தோஸ்' என்றால் துன்பம், நோவு. தமிழில் நரம்பு நோய், நரம்பியக் கோளாறு, நரம்புச் சிதைவு என்று பலவாறு எழுதுகிறார்கள். 'சிதைவு' என்பது இனி மீளாது என்ற தொனியைத் தருகிறது. நரம்பிழை அழிந்துபோன நிலைக்கு அது பொருந்தும், எல்லா நிலைக்கும் அல்ல. கை கால்களுக்குப் போகும் நரம்பு நசுங்கியோ அறுந்தோ போனாலும், நிலைமை சாதகமாக இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரக்கூடியது. அதனால் மருத்துவமனைகளில் புழங்கும் 'நரம்புப் பாதிப்பு' என்ற எளிய சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது. எங்கே, எவ்வளவு என்று அடுத்த கேள்வி கேட்க அது இடம் வைக்கிறது.

எங்கே என்பது இங்கே முக்கியம். ஆணுறுப்பு விறைப்பதும், பெண்ணுக்கு யோனி ஈரமாவதும் கந்தரி (கிளிட்டோரிஸ்) புடைப்பதும் பெரும்பாலும் ஒரே நரம்புகளின் வேலை. முதுகுத்தண்டின் அடியில், இடுப்புக்குப் பின்னால் இருக்கும் திருவெலும்புப் பகுதியிலிருந்து, 2 முதல் 4 வரையிலான நரம்பு வேர்கள் வழியாக அவை வருகின்றன. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தன்னியக்க நரம்புகள் இவை. கட்டளை வந்ததும் நரம்பு முனை நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது, இரத்தக்குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது, இரத்தம் நிறைகிறது. ஆக, விறைப்புக்கே ஒரு தளர்ச்சி தேவை. அது தசையின் தளர்ச்சி. விந்து வெளியேற்றத்தைத் தொடங்கிவைப்பது வேறு கூட்டம்: முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் பரிவு (சிம்பதெடிக்) நரம்புகள். தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுபோவது மூன்றாவது ஒன்று, 'புடெண்டல்' நரம்பு. இந்தப் பெயரின் வேர், 'வெட்கப்படு' என்ற பொருள் தரும் லத்தீன் வினை. நம் செய்தித்தாள்கள் எழுதும் 'மர்ம உறுப்பு'க்கும் அதற்கும் மனநிலை ஒன்றுதான். பிறப்புறுப்பு நரம்பு என்றால் போதும், வெட்கமும் மர்மமும் அங்கே எதற்கு?

மூன்றும் தனித்தனி வழிகள் என்பதால் பாதிப்பும் தனித்தனியாக வரும். ஆசை இருக்கும், விறைப்பு வராது. விறைப்பு இருக்கும், உணர்வு மங்கியிருக்கும். உச்சம் வரும், விந்து வராது. இந்தக் கடைசி நிலையில், மூடிக்கொள்ள வேண்டிய சிறுநீர்ப்பைக் கழுத்து திறந்தே இருப்பதால் விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும். அடுத்து போகும் சிறுநீர் கலங்கலாக இருக்கும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளிடம் இதைப் பார்க்கலாம். உடலுக்குக் கேடில்லை, குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் சிகிச்சை தேவைப்படும்.

நரம்புப் பாதிப்புக்குச் சர்க்கரை நோய்தான் மிகப் பரவலான காரணம். நோய் வந்து பல ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வகை நரம்புப் பாதிப்பு வருகிறது. கால் விரலில் மரமரப்பும் படுக்கையறைச் சிக்கலும் ஒருவருக்கே இருந்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம், ஆனால் முதலாவதை மட்டும்தான் மருத்துவரிடம் சொல்கிறோம். அவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்து 'அதிர்வு தெரிகிறதா, எப்போது நின்றது?' என்று கேட்பார். அந்த நிமிடமே இரண்டாவதையும் சொல்லிவிடலாம். மதுப்பழக்கம், வைட்டமின் பி12 குறைவு, சில புற்றுநோய் மருந்துகள், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்), இடுப்பெலும்பு முறிவு, புரோஸ்டேட், கருப்பை, மலக்குடல் பகுதி அறுவை சிகிச்சைகள் ஆகியவையும் காரணமாகலாம். புரோஸ்டேட்டை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்புக் கற்றையை அடையாளம் கண்டு, அதைக் காப்பாற்றியபடியே புரோஸ்டேட் சுரப்பியை அகற்றும் அறுவை முறையை 1982இல் அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் தொடங்கிவைத்தார். அதற்கு முன் அந்த அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் விறைப்பை இழந்தார்கள். இன்றும், நரம்பைக் காப்பாற்றிய பிறகுகூட, விறைப்பு திரும்ப ஓராண்டு, இரண்டாண்டு ஆகலாம். இதை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் அந்தக் காத்திருப்பு இவ்வளவு கொடுமையாக இருக்காது.

இப்போது 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கில மருத்துவத்தில் 'இம்பொடன்ஸ்', ஆற்றலின்மை, என்றுதான் எழுதிவந்தார்கள். அது ஆளையே குறை சொல்கிறது என்று, 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு அதைக் கைவிட்டு, விறைப்பின் செயலை மட்டும் சுட்டும் பெயரைப் பரிந்துரைத்தது. தமிழில் அது விறைப்புக் குறைபாடு. ஒரு நரம்பு முனை நைட்ரிக் ஆக்சைடை வெளியிடாததற்கும் ஒருவருடைய ஆண்மைக்கும் என்ன சம்பந்தம்? இந்த ஒரு சொல்லை மாற்றினாலே பலர் சிகிச்சைக்கு வாய் திறப்பார்கள் என்று நம்புகிறேன்.

பெண்களுக்கோ கெட்ட சொல்கூட இல்லை, வெறும் மௌனம்தான். ஈரமின்மை, உணர்வு மங்கல், உச்சம் தாமதமாதல் அல்லது வராமலே போதல், உறவின்போது வலி: இவையெல்லாம் நரம்புப் பாதிப்பால் வரக்கூடியவை. ஆனால் 'அவளுக்கு ஆர்வமில்லை' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேறொரு வகைப் பாதிப்பில் மரப்புக்குப் பதில் எரிச்சல் வரும். போர்வை உரசினாலே கால் தீயாய் எரியும். துணை அன்பாகக் காலைத் தொடுகிறார், இவர் சட்டென்று இழுத்துக்கொள்கிறார். அவர் காரணம் கேட்கவில்லை, இவர் சொல்லவும் இல்லை. மறுநாள் அவர் தொடுவதில்லை. இந்த விலகலுக்குக் காரணம் வெறுப்பு அல்ல, சிறு நரம்பிழைகள். மருத்துவத்தில் இதற்கு 'அல்லோடினியா' என்று பெயர், தமிழில் தொடுவலி எனலாம். 'இங்கே தொட்டால் எரிகிறது, இங்கே தொடு' என்று அவர் கையைப் பிடித்து நகர்த்துவதுதான் முதல் மருந்து.

விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை 1998இல் வந்தது. நைட்ரிக் ஆக்சைடு பற்றிய கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். மாத்திரை நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குவதில்லை; நரம்பு வெளியிட்டது தொடங்கிவைக்கிற வேலையை நீட்டித்துத் தருகிறது. நரம்பு அடியோடு வேலை செய்யாவிட்டால் மாத்திரையும் அதிகம் செய்யாது. அப்போது நரம்பைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் உண்டு: உறுப்பில் நேரடியாகப் போடும் அல்ப்ராஸ்டடில் ஊசி, வெற்றிடக் கருவி, அறுவை செய்து உறுப்புக்குள் பொருத்தும் உள்வைப்பு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்துவிடும். பெண்களுக்கு மசகுக் களிம்பு, தேவையானால் ஹார்மோன் களிம்பு, அதிர்வுக் கருவி ஆகியவை உதவும்.

தண்டுவடம் அறுபட்டவர்களிடம் உடல் வேறொரு பாடம் காட்டுகிறது. நினைப்பால் வரும் விறைப்பு போனபின்னும், கீழே, மூளையைக் கேளாமல் தானே இயங்கும் அனிச்சை வளையம் உயிரோடு இருந்தால் தொடுவதால் விறைப்பு வரும். உணர்வு நின்றுபோகும் எல்லைக்கு மேலே உள்ள தோல், கழுத்தும் காதுமடலும்கூட, புதிதாகக் கிளர்ச்சி தரும் இடமாகலாம். தண்டுவடம் முழுதும் துண்டிக்கப்பட்ட பெண்கள் சிலர் உச்சம் அடைவதை அமெரிக்க ஆய்வாளர்கள் பெவர்லி விப்பிள், பேரி கொமிசாருக் இருவரும் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார்கள். தண்டுவடத்தைத் தொடாமல் மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பே அதற்கு வழி என்பது அவர்கள் விளக்கம். ஆனால் தண்டுவடத்தின் நெஞ்சுப்பகுதியில் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு, உறவின் நடுவே இடிக்கும் தலைவலியும் வியர்வையும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். அது இரத்த அழுத்தம் திடீரென எகிறுவதன் அடையாளம். தணியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவ உதவி தேவை.

'குதிரைவால் நரம்புக் கற்றை' என்றும் ஒரு சொல் உண்டு. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே வால்மயிர் போலத் தொங்கும் நரம்பு வேர்களுக்கு 'காடா எக்வைனா' என்ற லத்தீன் பெயரின் நேர்த்தமிழ். முதுகு வட்டு பிதுங்கி இது நசுங்கினால், சேணத்தில் உட்காரும்போது படுகிற பகுதி, அதாவது பிறப்புறுப்பும் ஆசனவாயும் தொடையின் உள்பக்கமும் திடீரென மரத்துப்போகும், சிறுநீர் வராமல் அடைக்கும் அல்லது தெரியாமலே கசியும். பாலுறவு உணர்வும் கூடவே போகலாம். இதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய், 'அடிப்பகுதி மரத்துவிட்டது, சிறுநீர் போகவில்லை' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டும்.